இரண்டு மருந்தைச் சேர்த்தால் இரண்டு மடங்கு மெலிவு வருமா?

நிறை குறைக்கும் மருந்துகளைச் சேர்த்துப் போடுவது பற்றி மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இப்போது தாராளமாகப் பேசிக்கொள்கிறார்கள். பாமசியில் வாங்கிய குளிசை, வாட்ஸ்அப்பில் ஓடர் பண்ணிய மூலிகைக் கெப்சூல், கட்டாரிலிருந்து மச்சான் கொண்டுவந்த ஊசி, வீட்டில் உம்மாவோ அம்மாவோ சீனி வருத்தத்துக்குப் போடும் மெட்போமின். இவற்றில் எந்த இரண்டைச் சேர்த்தாலும் ‘கொம்பினேஷன்’ என்று ஒரு பெயர் வைத்துவிடுகிறோம். “ஒண்டு கேக்கல்லெண்டா ரெண்டையும் சேத்துப் போடுங்க” என்ற ஆலோசனை கலியாண வீட்டுப் பந்தலிலேயே கிடைத்துவிடும். வைத்தியத்தில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. சேர்க்கை மருந்து என்பது கூட்டல் கணக்கு இல்லை. எதை எதோடு, எவ்வளவு, எதற்காகச் சேர்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இது சீனி வருத்தம் இல்லாத வளர்ந்தவர்களுக்காக எழுதியது. அந்தக் கோட்டை முதலிலேயே போடக் காரணம் உண்டு. ஒரே மருந்து, ஒரே அளவு என்றாலும் சீனி வருத்தம் உள்ளவருக்கு நிறை குறைவாகவே இறங்கும். செமாக்ளூடைட் ஊசியை வாரம் 2.4 மில்லிகிராம் வரை கூட்டி, மொத்தம் 68 வாரம் போட்ட ஆய்வுகளில், சீனி வருத்தம் இல்லாதவர்களுக்குச் சராசரியாக உடல் நிறையில் 14.9 சதவீதம் குறைந்தது, உள்ளவர்களுக்கு 9.6 சதவீதம். போதாததற்கு, அவர்கள் ஏற்கெனவே எடுக்கும் இன்சுலினும் குளிசைகளும் கணக்கை மாற்றிவிடும். அடுத்த வீட்டுக்காரருக்கு டொக்டர் எழுதிக் கொடுத்த துண்டு உங்களுக்குப் பொருந்தாமல் போக இதுவே போதும்.

தாங்கியும் மிதவையும்

வீட்டுக் கூரையில் தண்ணீர்த் தாங்கி இருக்கிறது. உள்ளே ஒரு மிதவை. தண்ணீர் இறங்கினால் மிதவையும் இறங்கும், வால்வு திறக்கும், தாங்கி நிரம்பும். கீழே எவ்வளவு திறந்து விடுகிறோமோ அவ்வளவுக்கு மேலே வால்வும் அகலத் திறக்கும்.

உடலின் கொழுப்புச் சேமிப்புக்கும் இப்படியொரு மிதவை உண்டு. அதன் பெயர் லெப்டின். கொழுப்பு இழையம் இரத்தத்தில் விடும் ஹோர்மோன் அது. ஹோர்மோன் என்றால் ஓர் உறுப்பு இன்னோர் உறுப்புக்கு இரத்தம் வழியாக அனுப்பும் செய்தி. கொழுப்புக் குறைந்தால் லெப்டின் குறையும். மூளை அதைப் பஞ்சம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். உடனே பசியைக் கூட்டும், உடல் செலவழிக்கும் சக்தியைக் குறைக்கும்.

இதன் பலத்தைப் பலரும் குறைத்தே மதிக்கிறார்கள். ஆய்வுகளில் கண்ட மதிப்பீடு இப்படி: ஒவ்வொரு கிலோ குறையும்போதும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கலோரி அளவுக்குப் பசி கூடுகிறது, செலவு 20 முதல் 30 கலோரி வரை குறைகிறது. 5 கிலோ குறைத்தவரின் உடல் முன்பைவிட 500 கலோரி கூடுதலாகக் கேட்கும். வெறும் வெள்ளைச் சோறாகக் கணக்கிட்டால் அது 380 கிராம், கறி சேராமல். மூன்று மாதம் கட்டுப்பாடாக இருந்தவர் நாலாம் மாதம் “ஏலாது” என்று கைவிடுவதை மனவுறுதிக் குறைவு என்று ஏசுவோம். மிதவை இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

மருந்து போடுபவருக்கும் இதே கதைதான். முதலில் வேகமாக இறங்கும், பிறகு ஓரிடத்தில் நிற்கும். இதைத் தேக்கநிலை என்போம். அப்போது “மருந்து வேலை செய்யல்ல” என்று இன்னொன்றைத் தேடுகிறார்கள். உண்மையில் மருந்து வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது, திறக்கப் பார்க்கும் வால்வைக் கையால் பிடித்தபடி. கையை எடுத்தால் தெரியும்.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: நிறை குறையக் குறைய உடல் எதிர்க்கிறது. ஒரு மருந்து ஒரு வழியில் அழுத்தினால் உடல் வேறு வழியில் ஈடுகட்டுகிறது. இரண்டு மருந்து சேர்க்கும் யோசனை பிறந்ததே அந்த இரண்டாவது வழியையும் அடைப்பதற்காக.

பசிக்கு எத்தனை வாசல்?

மூளையின் அடியில், கச்சான் பருப்பைவிடச் சற்றே பெரிதாக, ஹைப்போதலமஸ் என்றொரு பகுதி இருக்கிறது. பசியையும் ‘போதும்’ என்ற உணர்வையும் எடைபோடுவது அங்கேதான். பென்டெர்மின் என்ற பழைய குளிசை மூளையில் நோர்அட்ரினலின் என்ற நரம்புச் செய்திப் பொருளின் அளவைக் கூட்டி அங்கே பசியை அடக்குகிறது. அதே வேலையில் நாடித்துடிப்பையும் கூட்டிவிடும், தூக்கத்தையும் கெடுக்கும்.

இரண்டாவது வாசல் குடல். சாப்பாடு இறங்கியதும் குடல் ஜீ.எல்.பி.-1 என்ற ஹோர்மோனை விடும். இரைப்பை மெதுவாகக் காலியாகும், மூளைக்கு ‘வந்து சேர்ந்துவிட்டது’ என்ற செய்தி போகும். இயற்கையான ஜீ.எல்.பி.-1 சில நிமிடங்களில் அழிந்துவிடும். செமாக்ளூடைட் அதன் நகல். வாரம் முழுவதும் நிற்கும்படி செய்திருக்கிறார்கள். கணையத்திலிருந்து வரும் அமிலின் என்ற ஹோர்மோனும் இதே ‘போதும்’ செய்தியைத்தான் கொண்டுபோகிறது, வேறொரு பாதையால்.

மூன்றாவதை ஆசை வாசல் எனலாம். வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகு வட்டிலப்பம் வந்தால் அதற்கும் இடம் வருகிறதே, அந்த இடம் வயிற்றில் இல்லை. மூளையின் வெகுமதிச் சுற்றில் இருக்கிறது.

நாலாவது மூளைக்குச் சம்பந்தமில்லாதது. ஓர்லிஸ்டாட் குளிசை குடலில் கொழுப்பை உடைக்கும் நொதியத்தைத் தடுக்கிறது. 120 மில்லிகிராம் வீதம் மூன்று வேளைச் சாப்பாட்டோடு எடுத்தால், உண்ட கொழுப்பில் ஏறத்தாழ 30 சதவீதம் உறிஞ்சப்படாமல் மலத்தோடு போகும். சாப்பாட்டில் கொழுப்பே இல்லாவிட்டால் குளிசைக்கு வேலையும் இல்லை, அந்த வேளைக்கு அதை விட்டுவிடலாம். எண்ணெய்ப் பொரியல் கூடினால் உடுப்பில் எண்ணெய் படும் அளவுக்கு வயிறு போகும். பலர் ஒரு மாதத்திலேயே நிறுத்துவது இதனால்தான்.

ஒரே குளத்தில் இரண்டு வலை

உன்னிச்சைக் குளத்தில் ஒருவர் வலை வீசுகிறார். அதே இடத்தில் பக்கத்தில் நின்று இன்னொருவர் வீசினால் மீன் இரட்டிப்பாகாது. இரண்டாவது வலைக்கு வேறு துறை வேண்டும். சேர்க்கை மருந்தின் முதல் விதி இதுதான்.

ஜீ.எல்.பி.-1 வகை ஊசிகள் இரண்டை ஒன்றாகப் போடுவது ஒரே துறையில் இரண்டு வலை. செமாக்ளூடைட்டும் லிராக்ளூடைட்டும் ஒரே பூட்டுக்கான இரண்டு சாவிகள். பூட்டுகள் நிரம்பிய பிறகு மேலதிகச் சாவியால் கிடைப்பது சத்தி மட்டும். அதனால்தான் இரண்டையும் சேர்க்க வேண்டாம் என்று மருந்துப் பெட்டியின் உள்தாளிலேயே எழுதியிருக்கிறது.

வேறு வாசல் என்றாலே பலன் வந்துவிடும் என்றும் இல்லை. ஒரு வருடம் சிபூட்ரமின் என்ற பசியடக்கும் குளிசை போட்டு நிறை குறைத்துத் தேக்கநிலையில் நின்ற பெண்களுக்கு ஓர்லிஸ்டாட்டைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2000ஆம் ஆண்டில் வெளியான அந்த ஆய்வில் மேலதிகமாக ஒன்றும் குறையவில்லை. ஒரு வருடம் லிராக்ளூடைட் போட்டவர்களுக்குப் பென்டெர்மின் சேர்த்துப் பார்த்ததிலும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. காகிதத்தில் அழகாகத் தெரிந்த ஜோடி, உடம்பில் சோபிக்காமல் போவது இந்தத் துறையில் சாதாரணம். அதனால் ஒவ்வொரு ஜோடியையும் தனித்தனியே மனிதரில் சோதித்த பிறகுதான் நம்பலாம்.

நன்றாக வேலை செய்யும் ஜோடியிலும் கணக்கு முழுதாகக் கூடாது. 2025இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் செமாக்ளூடைட்டையும் கக்ரிலின்டைட் என்ற அமிலின் நகலையும் ஒரே வார ஊசியாகக் கொடுத்தார்கள். பங்குபற்றியவர்களுக்குச் சீனி வருத்தம் இல்லை. 68 வாரத்தில் சேர்க்கை ஊசிக்கு 20.4 சதவீதம் குறைந்தது, செமாக்ளூடைட் மட்டும் போட்டவர்களுக்கு 14.9, கக்ரிலின்டைட் மட்டும் போட்டவர்களுக்கு 11.5, மருந்தில்லாப் போலி ஊசிக்கு 3.0. போலி ஊசிக்காரர்களுக்கும் உணவு ஆலோசனை கிடைத்ததால் அந்த 3ஐ எல்லாவற்றிலும் கழிக்க வேண்டும். தனித்தனியாக 11.9, 8.5, கூட்டினால் 20.4. சேர்த்துப் போட்டபோது கிடைத்ததோ 17.4. குறைந்த அந்த 3 எங்கே போனது? மிதவை தின்றுவிட்டது.

சுருக்கமாக: ஒரே பூட்டுக்கு இரண்டு சாவி வேண்டாம். வேறு பூட்டாக இருந்தாலும் பரிசோதித்த ஜோடியா என்று கேளுங்கள். நல்ல ஜோடியும் ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று வராது.

ஆற்றுவாழையும் கம்பி வலையும்

சேர்க்கை மருந்தின் பொறிமுறையை விளங்கிக்கொள்ள நல்ட்ரெக்சோன்–புப்ரோபியன் ஜோடியை விடச் சிறந்த உதாரணம் இல்லை. சற்று நின்று பார்ப்போம்.

கல்லோயாப் பக்கத்து வாய்க்கால்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மதகை அகலத் திறந்தால் தண்ணீரோடு ஆற்றுவாழையும் சேர்ந்து வரும். வந்து மதகு வாயிலேயே அடைத்துக்கொள்ளும். தண்ணீர் குறைகிறதே என்று இன்னும் திறந்தால் இன்னும் ஆற்றுவாழை. மதகுக்கு மேலே ஒரு கம்பி வலை கட்டும் வரை இந்தச் சிக்கல் தீராது.

ஹைப்போதலமஸில் ‘போதும்’ என்று சொல்லும் நரம்புக் கலங்கள் உண்டு. பி.ஓ.எம்.சி. கலங்கள் என்பார்கள். புப்ரோபியன் மனச்சோர்வுக்கும் புகைத்தலை விடுவதற்கும் பாவிக்கும் மருந்து. இந்தக் கலங்களைத் தூண்டுகிறது. மதகு திறக்கிறது. கலங்கள் பசியை அடக்கும் செய்தியை விடுகின்றன. கூடவே எண்டோர்பின் என்ற இன்னொன்றையும் விடுகின்றன. எண்டோர்பின் உடலே தயாரிக்கும் அபின் போன்ற பொருள். அது திரும்பி வந்து, தன்னை அனுப்பிய அதே கலத்தில் உட்கார்ந்து அதை ஓய வைக்கிறது. இதுதான் ஆற்றுவாழை.

நல்ட்ரெக்சோன் போதைப்பொருள், மதுப் பழக்கச் சிகிச்சையில் பாவிக்கும் மருந்து. எண்டோர்பின் உட்காரும் இடத்தை அது அடைத்துக்கொள்கிறது. இது கம்பி வலை. தனியாகக் கொடுத்தால் நல்ட்ரெக்சோனுக்கு நிறை குறைக்கும் பலம் மிகக் குறைவு. ஓடாத வாய்க்காலில் வலை கட்டி என்ன பயன்? புப்ரோபியனோடு சேர்த்தபோது, சீனி வருத்தம் இல்லாதவர்களில் செய்த 56 வார ஆய்வில் 6.1 சதவீதம் குறைந்தது. போலிக் குளிசைக்கு 1.3. புதிய ஊசிகளோடு ஒப்பிட்டால் சிறிய எண்தான். அமெரிக்காவில் 2014இலும் ஐரோப்பாவில் 2015இலும் இதற்கு அனுமதி கிடைத்தது.

அளவை ஏற்றும் முறையைப் பார்த்தாலே இது வீட்டில் செய்யும் கலவை இல்லை என்று புரியும். ஒரு குளிசையில் நல்ட்ரெக்சோன் 8, புப்ரோபியன் 90 மில்லிகிராம், இரண்டும் மெதுவாகக் கரையும் வகை. முதல் வாரம் காலையில் ஒன்று. இரண்டாம் வாரம் காலை ஒன்று, இரவு ஒன்று. மூன்றாம் வாரம் காலை இரண்டு, இரவு ஒன்று. நாலாம் வாரத்திலிருந்து காலை இரண்டு, இரவு இரண்டு. அவசரப்பட்டு ஏற்றினால் குமட்டல் தாங்காது. உடைத்தோ அரைத்தோ விழுங்கினால் மருந்து ஒரே தடவையில் இரத்தத்தில் ஏறி வலிப்பு வரலாம்.

கொழுப்புக் கூடிய சாப்பாட்டோடு எடுத்தாலும் இரத்தத்தில் மருந்து அளவு கூடும். நோன்பு காலத்தில் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்: நோன்பு திறந்ததும் சமோசா, ரோல்ஸ், கஞ்சி, அதோடு அன்றைய இரண்டு வேளைக் குளிசையும் ஒன்றாக என்று போனால் வம்புதான். நோன்புக்கு முன்பே டொக்டரோடு பேசி ஒழுங்கு செய்துகொள்ளுங்கள்.

யாருக்கு இது ஆகாது? வலிப்பு வந்தவர்கள், கட்டுப்பாட்டில் இல்லாத பிரஷர் உள்ளவர்கள், பட்டினி கிடந்தோ தின்றதைச் சத்தி எடுத்தோ பழகியவர்கள், தினமும் கூடுதலாகக் குடித்துவிட்டுத் திடீரென்று நிறுத்துபவர்கள். கை முறிந்து ட்ராமடோல் அல்லது கோடீன் என்ற அபின் வகை வலிக் குளிசை எடுப்பவருக்கும் கூடாது. வலிக் குளிசை வேலை செய்யாமல் போகும். பழகியவராக இருந்தால் நல்ட்ரெக்சோன் போட்ட அன்றே உடல் நடுங்கி, வியர்த்து, வயிறு பிடுங்கும். இருமல் பாணிகள் சிலவற்றிலும் கோடீன் இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

பாதி அளவு, இரண்டு மருந்து

இரண்டாவது விதி: ஒவ்வொன்றையும் குறைந்த அளவில் போட்டு, பக்கவிளைவைக் குறைத்து, பலனை எடுப்பது. சம்பலில் ஒரேயடியாக மிளகாயைக் கொட்டாமல் கொஞ்சம் மிளகாய், கொஞ்சம் மிளகு என்று உறைப்பு ஏற்றுவது மாதிரி.

பென்டெர்மின்–டோபிரமேட் ஜோடி இந்த வகை. டோபிரமேட் வலிப்புக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் கொடுக்கும் மருந்து. 28 வார ஆய்வொன்றில் பென்டெர்மின் 7.5 மில்லிகிராம் மட்டும் போட்டவர்களுக்கு 5.5 சதவீதமும், டோபிரமேட் 46 மில்லிகிராம் மட்டும் போட்டவர்களுக்கு 5.1 சதவீதமும் குறைந்தன. இரண்டையும் அதே அளவில் சேர்த்தபோது 8.5. போலிக் குளிசைக்கு 1.7. அளவை இரட்டிப்பாக்கி 15க்கு 92 என்று கொடுத்ததில் கிடைத்தது 9.2 மட்டுமே. அளவைக் கூட்டுவதை விட ஜோடியைச் சேர்ப்பதே கூடுதல் பலன் என்பது இதில் தெரிகிறது.

2012இல் அமெரிக்கா அனுமதித்த இந்தச் சேர்க்கையை ஐரோப்பிய ஒழுங்குபடுத்துனர்கள் நிராகரித்தார்கள். இதயத்தையும் மனநிலையையும் பற்றிய கவலை காரணம். ஒரே தரவை வைத்து இரண்டு பக்கமும் இரண்டு முடிவு எடுத்ததில் வியப்பில்லை. பலனுக்கு விலை இருக்கிறது. கை கால் விறைப்பு, சொல் மறதி, வாய் உலர்வு வரும். கண் அழுத்த நோய், தைரொயிட் கூடுதல் உள்ளவர்களுக்கு ஆகாது. கர்ப்பத்தில் டோபிரமேட் பட்டால் குழந்தைக்கு உதடு அல்லது அண்ணப் பிளவு வரும் ஆபத்துக் கூடும். ஆகவே தொடங்கும் முன்பும் பிறகு மாதா மாதமும் கர்ப்பப் பரிசோதனை செய்ய வேண்டும், நம்பகமான கருத்தடையும் வேண்டும்.

ஒரு சாவி, இரண்டு பூட்டு

டிர்செபடைட் ஊசியை ‘இரட்டை மருந்து’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். குப்பிக்குள் இருப்பது ஒரே மூலக்கூறு, அது ஜீ.எல்.பி.-1, ஜீ.ஐ.பி. என்ற இரண்டு குடல் ஹோர்மோன்களின் பூட்டையும் திறக்கும். சீனி வருத்தம் இல்லாதவர்களில் 72 வாரம் செய்த ஆய்வில், வாரம் 15 மில்லிகிராம் அளவில் சராசரி 20.9 சதவீதம் குறைந்தது. இதற்கு மேல் செமாக்ளூடைட்டையும் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் பழைய குளத்துக்கே திரும்பிப் போகிறார்கள்.

டிர்செபடைட் போடும் பெண்கள் கருத்தடைக் குளிசையை நம்பியிருந்தால், ஊசி தொடங்கி 4 வாரமும் ஒவ்வொரு முறை அளவு கூட்டிய பின் 4 வாரமும் ஆணுறை போன்ற இன்னொரு முறையும் வேண்டும். இரைப்பை மெதுவாவதால் குளிசை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம்.

சேர்க்கை கெட்டுப்போன கதைகள்

அமெரிக்காவில் 1940களிலிருந்து 60கள் வரை ‘வானவில் குளிசை’ என்று நிறம் நிறமாக விற்றார்கள். அம்பெட்டமின், தைரொயிட் ஹோர்மோன், சலம் போகச் செய்யும் மருந்து, இதயத்துக்கான டிஜிட்டாலிஸ், படபடப்பை அடக்கத் தூக்க மருந்து. நிறை குறைந்தது; சலமாகப் போன தண்ணீரோடு பொட்டாசியமும் போய், டிஜிட்டாலிஸ் அந்த இடைவெளியில் இதயத் துடிப்பைக் குழப்பியது. ஆட்கள் செத்த பிறகுதான் 1968இல் விசாரணை வந்தது.

அடுத்தது ‘ஃபென்–ஃபென்’. பென்டெர்மினுக்கு 1959இலும் பென்ஃப்ளூரமினுக்கு 1973இலும் தனித்தனியே அனுமதி இருந்தது. இரண்டையும் சேர்ப்பதற்கு ஒருபோதும் அனுமதி இருக்கவில்லை. 1992இல் 121 பேரில் செய்த ஓர் ஆய்வு நல்ல முடிவைச் சொன்னதும் வைத்தியர்கள் அள்ளி எழுதினார்கள். 1997இல் மாயோ கிளினிக் வைத்தியர்கள் 24 பெண்களில் இதய வால்வு தடித்துக் கசிவதை அறிவித்தார்கள். பென்ஃப்ளூரமின் அந்த வருடமே செப்டெம்பரில் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. பென்ஃப்ளூரமின் வேலை செய்த வழியான செரொட்டோனின் என்ற நரம்புச் செய்திப் பொருளுக்கான ஒரு பூட்டு மூளையில் மட்டுமல்லாமல் இதய வால்விலும் இருந்தது என்பது பிறகுதான் விளங்கியது. 121 பேர் கொண்ட ஆய்வில் இப்படியான பாதிப்பு கண்ணில் படாமலே போய்விடும். ‘என்ட சினேகிதிக்கு ஒண்டும் ஆகல்ல’ என்பதில் இருப்பதோ ஒரே ஆள்.

நம் பக்கத்துக் கலவைகள்

வீட்டு மெட்போமினிலிருந்து தொடங்குவோம். சீனி வருத்தம் வரும் விளிம்பில் இருந்தவர்களுக்குக் கொடுத்த பெரிய ஆய்வில், சராசரி 2.8 வருடத்தில் மெட்போமின் குறைத்தது 2.1 கிலோ, சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களுக்கு 5.6 கிலோ. கல்லடிப் பாலத்தில் மாலையில் நடப்பவர்கள் இந்த எண்களை ஒருமுறை பார்க்கலாம். மெட்போமினால் பெரிய ஆபத்தில்லை, பெரிய பலனும் இல்லை. பிரச்சினை, அதே டப்பாவில் கிடக்கும் மற்றக் குளிசை. கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் போன்றவை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். சீனி வருத்தம் இல்லாதவர், அதுவும் பசியடக்கும் ஊசி போட்டு அரைச் சாப்பாட்டில் இருப்பவர், அதை விழுங்கினால் சீனி இறங்கி மயங்கி விழலாம். ஜீ.எல்.பி.-1 ஊசி இரத்தத்தில் சீனி கூடியிருக்கும்போது மட்டுமே இன்சுலினைத் தூண்டுவதால், தனியாகப் போடும்போது இந்தப் பயம் குறைவு.

தைரொக்சின் குளிசை தைரொயிட் குறைவுக்கு அருமருந்து. குறைவே இல்லாதவர் மெலியப் போட்டால் படபடப்பு, எலும்புத் தேய்வு, துடிப்புக் குழப்பம். தைரொக்சினும் ஓர்லிஸ்டாட்டும் இரண்டுமே நியாயமாக எழுதப்பட்டவர்கள் அவற்றுக்கிடையே குறைந்தது 4 மணி நேரம் விட வேண்டும். இல்லாவிட்டால் தைரொக்சின் குடலில் ஏறாது. ஓர்லிஸ்டாட் ஏ, டி, ஈ, கே விட்டமின்களையும் சேர்த்து வெளியேற்றுவதால், பல்விட்டமின் குளிசையைப் படுக்கப் போகும்போது எடுப்பது சரி.

சலம் போகச் செய்யும் குளிசையால் குறைவது கொழுப்பே இல்லை. தராசில் இரண்டு கிலோ காட்டும், இரண்டு நாள் தண்ணீர் குடித்தால் திரும்பும். சத்தியும் வயிற்றோட்டமும் தரக்கூடிய ஊசியோடு இதைச் சேர்த்து, சித்திரை வெயிலில் வயலில் நின்றால் சிறுநீரகம்தான் விலை கொடுக்கும்.

‘முழுக்க மூலிகை’ என்ற கெப்சூல் பத்தே நாளில் பசியை அறுத்துவிட்டால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். மாரடைப்பும் பக்கவாதமும் கூடியதால் 2010இல் சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட சிபூட்ரமின், இப்படியான மெலிவுப் பொருட்களில் திருட்டுத்தனமாகக் கலந்திருப்பதாக உலகெங்கும் மருந்து ஒழுங்குபடுத்துனர்கள் திரும்பத் திரும்பப் பிடித்திருக்கிறார்கள். அதோடு புப்ரோபியனோ பென்டெர்மினோ சேர்ந்தால், உங்களுக்கே தெரியாமல் மூன்றாவது மருந்து உள்ளே இருக்கிறது. இலங்கையில் விற்கும் மருந்துக்குத் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையில் பதிவு இருக்க வேண்டும். பெட்டியில் பதிவு இலக்கம் இருக்கிறதா என்று மருந்தாளரைக் கேளுங்கள்.

குப்பியிலிருந்து ஊசிக் குழாயால் இழுத்துப் போடும் வகைகளில் இன்னொரு வம்பு: மில்லிகிராம், மில்லிலீட்டர், ‘யூனிட்’ மூன்றும் குழம்பும். 2024இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தபடி, சிலர் எடுக்க வேண்டியதை விட 5 முதல் 20 மடங்கு வரை போட்டிருக்கிறார்கள்.

டொக்டரிடம் போகும்போது

பெரும்பாலான ஆய்வுகள் உடற்றிணிவுச் சுட்டி 30க்கு மேல் உள்ளவர்களிலும், 27க்கு மேல் இருந்து பிரஷர், கொலஸ்ட்ரோல் போன்ற ஒன்று உள்ளவர்களிலும் செய்யப்பட்டவை. உடற்றிணிவுச் சுட்டி என்பது கிலோவில் நிறையை மீற்றரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது. 160 சென்ரிமீற்றர் உயரமானவருக்கு 30 என்பது ஏறத்தாழ 77 கிலோ, 27 என்பது 69 கிலோ. ஆசியர்களுக்கு இதற்கும் குறைந்த நிறையிலேயே ஆபத்துத் தொடங்குவதால் 23, 27.5 என்ற படிகளை உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கலியாணத்துக்கு முன் 5 கிலோ குறைக்க நினைப்பவருக்கு இந்தச் சேர்க்கைகள் எதுவும் இல்லை.

சீனி வருத்தம் இல்லை என்பதை ஊகிக்காமல் இரத்தம் சோதித்துப் பாருங்கள். எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையின் கீழுள்ள ஆரோக்கிய வாழ்வு நிலையத்தில் சீனியும் பிரஷரும் இலவசமாகப் பார்க்கலாம். எடுக்கும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்: ஆயுர்வேதப் பாணி, விட்டமின், உம்மாவின் டப்பாவிலிருந்து எடுத்தது உட்பட. வாயால் சொல்லும்போது மறக்கும் குளிசைதான் பெரும்பாலும் சண்டை பிடிக்கும் குளிசை.

முதலில் ஒரு மருந்து. முழு அளவுக்கு வந்த பின் 12 வாரம் பார்த்தல். நல்ட்ரெக்சோன்–புப்ரோபியனில் அப்போது 5 சதவீதமாவது குறையாவிட்டால் நிறுத்துவது விதி. 90 கிலோ ஆளுக்கு அது 4.5 கிலோ. செமாக்ளூடைட் 0.25இல் தொடங்கி, 0.5, 1, 1.7 என நாலு வாரத்துக்கொரு படியாக ஏறி, 17ஆம் வாரத்தில்தான் 2.4ஐ அடையும். இரண்டாம் மாதத்திலேயே “கேக்கல்ல” என்று இன்னொன்றைச் சேர்ப்பவர் பாதிப் படிதான் ஏறியிருக்கிறார்.

ஊசியை 2 முதல் 8 பாகை வரை குளிரூட்டியில் வைக்க வேண்டும், உறைபெட்டியில் அல்ல. ஒருமுறை உறைந்தால் எறிய வேண்டும். வெளியே என்றால் 2.4 மில்லிகிராம் வகைச் செமாக்ளூடைட் பேனை 30 பாகைக்கு மேல் போகாமல் 28 நாள் தாங்கும், ஒருமுறை மட்டும் போடும் டிர்செபடைட் பேனை 21 நாள். மட்டக்களப்பு வெயிலில் நிறுத்தி வைத்த காருக்குள் 30 பாகை என்பது காலை எட்டு மணிக்கே தாண்டிவிடும்.

குறையும் நிறையில் நாலில் ஒரு பங்கோ அதற்கு மேலோ தசையாகவும் போகும். பசி இல்லையென்று ஒரு இடியாப்பமும் சொதியும் போதும் என்று இருந்தால் தசை இன்னும் கரையும். மீன் 100 கிராமில் ஏறத்தாழ 20 கிராம் புரதம், ஒரு முட்டையில் 6. தட்டில் முதலில் மீனையும் பருப்பையும் சாப்பிட்டு, கடைசியாகச் சோற்றுக்கு வாருங்கள். வலப்பக்க மேல்வயிற்றில் கடும் வலி வந்தால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். வேகமாக மெலியும் எவருக்கும் அது வரும். அதை ‘காஸ்’ என்று ஒதுக்கி இருக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

நிறுத்துவதிலும் முறை இருக்கிறது. டோபிரமேட் கலந்ததை உயர்ந்த அளவிலிருந்து திடீரென்று விட்டால் வலிப்பு வரலாம். குறைந்தது ஒரு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்துத்தான் நிறுத்த வேண்டும். செமாக்ளூடைட்டை நிறுத்தியவர்களுக்கு ஒரு வருடத்தில் குறைந்த நிறையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. தொடர்ந்து இரண்டு வார ஊசி தவறிப் போனவர் விட்ட அளவிலேயே மறுபடி தொடங்கினால் கடும் சத்தி வரலாம். சிறிய அளவிலிருந்து மீண்டும் ஏற வேண்டுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அதனால் முதல் ஊசியைப் போடும் முன், கையில் எத்தனை வாரத்துக்கு மருந்து இருக்கிறது, அது முடிந்தால் அடுத்தது எங்கிருந்து வரும், கட்டாரில் இருக்கும் மச்சான் அடுத்த லீவில் எப்போது வருகிறார் என்பதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.